முதல் வீடு வாங்குபவர்களின் சந்தேகங்கள்: பத்திரம் பார்ப்பது, நிலம் அளப்பது, முன்பணம் கொடுப்பது எந்த வரிசையில்?

தாம்பரத்தை அடுத்த ஒரு மனைப்பிரிவில் நாங்கள் முதல் மனையை வாங்கியபோது பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டினோம். நிலத்தை மட்டும் கிரயம் முடிந்து, அடித்தளம் தோண்டும் வாரத்தில்தான் அளந்தோம். தெற்குப் பக்கத்தில் ஒன்றேகால் அடி அடுத்தவர் மதிலுக்குள் இருந்தது. அந்தப் பேச்சு முடிய எட்டு மாதங்கள் ஆயின. அதற்குப் பிறகு வீடு வாங்கப் போகும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறைக்கு உரியவை. நான் வழக்கறிஞர் இல்லை. எனவே எந்த நேரத்தில் வழக்கறிஞரிடம் போக வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டுமே இந்தப் பதில்களைப் பயன்படுத்துங்கள்.

"வக்கீலிடம் காட்டுவதா, சர்வேயரைக் கூப்பிடுவதா, அட்வான்ஸ் கொடுப்பதா? எது முதலில்?"

முதலில் பத்திரங்களின் நகல்களும் வில்லங்கச் சான்றும் (ஈசி), அடுத்து வழக்கறிஞரின் முதற்கட்டக் கருத்து, அதன்பின் நில அளவை, அதற்கும் பின்னரே உடன்படிக்கையும் முன்பணமும், கடைசியில் கிரயம். செலவு குறைவான வேலையை முன்னாலும், திரும்பப் பெறக் கடினமான பணத்தைப் பின்னாலும் வைத்தால் இந்த வரிசைதான் வரும்.

அளவையை வழக்கறிஞருக்குப் பின்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. எந்தச் சர்வே எண், எந்த உட்பிரிவு, என்ன நான்கெல்லை என்பது பத்திரங்களைப் படித்த பிறகே உறுதியாகும். அது தெரியாமல் அளக்க வருபவர், விற்பவர் கைகாட்டும் வேலிக்குள் நாடாவைப் பிடித்துவிட்டுப் போய்விடுவார். உடன்படிக்கைக்கு முன்னால் வைப்பதற்கும் காரணம் உண்டு. உடன்படிக்கையில் எழுதப்படும் சொத்து விவரமே பெரும்பாலும் கிரயப் பத்திரத்திலும் அப்படியே ஏறுகிறது. அதில் ஒரு பிழை நுழைந்துவிட்டால், பின்னர் அதைத் திருத்த விற்பவரின் சம்மதம் வேண்டும். முன்பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகு அந்தச் சம்மதத்தைப் பெறுவது எளிதில்லை.

"டோக்கன் கொடுக்காவிட்டால் இன்று மாலையே வேறொருவர் முடித்துவிடுவார் என்று தரகர் சொல்கிறாரே?"

சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், இழந்தாலும் வருந்தாத ஒரு சிறு தொகையை மட்டும் வங்கி வழியாகக் கொடுத்து, ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சொத்தின் விவரம், பேசிய விலை, பத்திரங்களின் நகல்களைத் தரும் நாள், அளவைக்குச் சம்மதம், வழக்கறிஞரின் கருத்தோ அளவையோ திருப்தி தராவிட்டால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வரும் என்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அசையாச் சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணமாக ரொக்கத்தில் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கமாகவே வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். பத்திர நகல்களைத் தருவதற்கே முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுவது நல்லது. வீட்டை உண்மையிலேயே விற்க விரும்புகிறவருக்கு நகல் கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

"லீகல் பார்ப்பது என்றால் என்ன பார்ப்பார்கள்? எவ்வளவு நாள் ஆகும்?"

இன்று விற்பவருக்கு இந்தச் சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவதுதான் அந்த வேலை. குறைந்தது 30 ஆண்டுகள் பார்ப்பது வழக்கம். சங்கிலியில் ஒரு கண்ணி கிரயமாகவும், அடுத்தது பாகப்பிரிவினையாகவும், இன்னொன்று செட்டில்மெண்ட் (உயிரோடிருக்கும்போதே உறவினருக்கு எழுதிக்கொடுப்பது) அல்லது உயிலாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் உரிமை உள்ள அனைவரும் கையெழுத்திட்டார்களா என்பதே கேள்வி. எல்லாக் காகிதங்களும் கையில் இருந்தால் ஒரு வழக்கறிஞருக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் போதும். தாமதமாவது பெரும்பாலும் விற்பவர் ஒரு நகலை "தேடித் தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில்தான்.

கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அசல் பத்திரங்களை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். அசல் தொலைந்துவிட்டது என்று சொன்னால், அது உண்மையிலேயே தொலைந்ததா, எங்கேனும் கடனுக்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும்வரை மேலே போக வேண்டாம். நிதி நிறுவனங்கள் பதிவு செய்யும் அடமானங்களை மத்தியப் பதிவகமான செர்சாயின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் தேடலாம்.

"ஈசி போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் எதுவும் இல்லை. அது போதாதா?"

போதாது. வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. பதிவு செய்யப்படாத எதுவும் அதில் இருக்காது. பதிவு செய்யப்பட்ட உயில்கள்கூட வேறு புத்தகத்தில் ஏறுவதால் அதில் தென்படுவதில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை, வரி பாக்கி, வாடகைதாரரின் உரிமை, கையெழுத்திடாத வாரிசு ஆகிய எதையும் அது காட்டாது.

தேடும் முறையிலும் கவனம் வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். பல சார்பதிவாளர் அலுவலகங்கள் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டவை என்பதால், பழைய ஆண்டுகளுக்குத் தாய் அலுவலகத்தின் பெயரில் தனியாகத் தேட வேண்டியிருக்கும். சர்வே எண்ணும் மாறியிருக்கலாம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஏராளமான எண்கள் உட்பிரிவுகளாயின. புதிய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், பழைய எண்ணின் கீழ் பதிவான அடமானம் கண்ணில் படாமலேயே போய்விடும். இரண்டு எண்களிலும் தேடச் சொல்லுங்கள்.

"பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு என்ன?"

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேடு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முன் கேள்வியில் சொன்ன மேம்பாட்டுத் திட்டத்தின்போது அண்ணன் பெயரில் ஏறிய கூட்டுச் சொத்தும், பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் தவறுதலாக ஏறிய மூலையும் இன்றும் திருத்தப்படாமல் இருக்கின்றன. ஆனாலும் பட்டா இல்லாத தனிமனையை வாங்க நான் தயங்குவேன். பத்திரமும் பட்டாவும் ஒருவரையே காட்டும்போதுதான் மனம் அமைதியடையும்.

பட்டாவோடு 'அ' பதிவேட்டின் நகலையும் எடுங்கள். நிலத்தின் வகைப்பாடு அதில்தான் இருக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், கோயில் நிலம் என்று எது இருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. வழக்கறிஞருக்கோ அளவருக்கோ மேற்கொண்டு செலவு செய்யத் தேவையில்லை. இந்தப் பார்வைக்கு ஆகும் நேரம் அரைமணி. அதனால்தான் வரிசையின் முதல் நாளிலேயே இதைச் செய்யச் சொல்கிறேன்.

"வங்கியே லீகல் பார்க்கிறது, இன்ஜினியரையும் அனுப்புகிறது. நாம் ஏன் தனியாகச் செலவு செய்ய வேண்டும்?"

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது, கடன் திரும்ப வராவிட்டால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் தொகைக்கு ஈடான மதிப்பு இருக்கிறதா என்பதை. கூரையில் நீர்க்கசிவு இருப்பதோ, வடக்குப் பக்கத்தில் ஓர் அடி குறைவதோ, பக்கத்து வீட்டின் கழிவுநீர்க் குழாய் உங்கள் மனைக்கு அடியில் போவதோ அவர்களுடைய கவலைக்குள் பெரும்பாலும் வராது. மதிப்பீட்டாளர் நாடா பிடித்து மனையின் மூலைகளை அளப்பார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அவர்களுடைய அறிக்கை உங்களிடம் தரப்படும் என்பதற்கும் உறுதி இல்லை.

இன்னொன்று, நேரம். வங்கியின் சரிபார்ப்பு பெரும்பாலும் உடன்படிக்கைக்குப் பின்னால்தான் தொடங்குகிறது, ஏனென்றால் கடன் விண்ணப்பத்தோடு உடன்படிக்கையைக் கேட்பார்கள். அதற்குள் உங்கள் முன்பணம் போயிருக்கும். வங்கி "ஆவணம் சரியில்லை" என்று சொல்லும் நாளில், கடனும் இல்லாமல் முன்பணமும் மாட்டிக்கொண்ட நிலையில் நிற்பீர்கள். உங்கள் சொந்த வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகை, பெரும்பாலான வீடுகளில், முன்பணத்தின் ஒரு சிறு பங்குதான்.

"அளப்பதற்குத் தாலுகா சர்வேயரா, தனியார் சர்வேயரா?"

இரண்டுக்கும் வேறு வேறு பயன் உண்டு. உரிமம் பெற்ற தனியார் அளவர் சில நாட்களில் வருவார். மனையின் பக்கங்களை அளந்து, புலப்படத்தோடும் (சர்வே எண்ணின் பக்க அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) பத்திரத்தோடும் ஒப்பிட்டு, வரைபடம் தருவார். வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு அது போதும். ஆனால் அவருடைய அளவு பக்கத்து நிலத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது.

எல்லையில் தகராறு இருந்தாலோ, கல் காணாமல் போயிருந்தாலோ அரசு அளவர் வேண்டும். நிலத்தின் உரிமையாளர் இணையம் வழியாகவோ இ-சேவை மையத்திலோ கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். அண்டை நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு போன பிறகு, அவர்கள் முன்னிலையில் அளவை நடக்கும். விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவர் என்பதைக் கவனியுங்கள். இதற்கு வாரக்கணக்கில், சில வட்டங்களில் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே பழைய கிராம நிலத்தை வாங்குகிறீர்கள் என்றால், வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் கொடுக்கும் அதே வாரத்தில் விற்பவரை விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன வரிசைக்கு இது ஒரு விதிவிலக்கு.

அளக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நடைபாதைத் தகராறு எங்களுக்குத் தெரியவந்தது ஓர் அண்டை வீட்டம்மாள் சொல்லித்தான். அதையும் நாங்கள் மனை வாங்கிய பிறகே கேட்டோம்.

"பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, தரையில் ஓர் அளவு இருக்கிறது. எதை நம்புவது?"

முதலில் அலகுகளைச் சரிசெய்யுங்கள், பாதி வேறுபாடு அங்கேயே மறைந்துவிடும். பத்திரம் சதுர அடியிலோ சென்டிலோ பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி. பட்டாவில் 2.50 ஏர் என்று இருந்தால் அது 2,691 சதுர அடி. பத்திரத்தில் 6 சென்ட் என்று இருந்தால் அது 2,614 சதுர அடி. இந்த அளவு வேறுபாடு முழு எண்ணாக எழுதியதால் வந்ததாகவும் இருக்கலாம், எல்லை தவறியதாலும் இருக்கலாம். எது என்று சொல்வது புலப்படத்தில் உள்ள பக்க அளவுகள்தான்.

பத்திரத்தில் எழுதிய மொத்தப் பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் கொள்கை. அதை நம்பி வாங்கச் சொல்லவில்லை. முரண்பாட்டை உடன்படிக்கைக்கு முன்பே தீர்க்கச் சொல்கிறேன். விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், தரையில் உள்ள அளவுக்கே பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். 30-க்கு 40 அடி என்று சொல்லப்பட்ட மனையின் முகப்பு 29 அடியாக இருந்தால் 40 சதுர அடி குறைகிறது. சதுர அடி 4,000 ரூபாய் என்றால் அது 1,60,000 ரூபாய். அளவரின் கட்டணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாலையின் அகலத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், கட்டட அனுமதி அதைப் பொறுத்தது.

"டிடிசிபி அப்ரூவல் உள்ள மனைதான். அதையும் அளக்க வேண்டுமா?"

வேண்டும். டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் மனைப்பிரிவின் வரைபடத்துக்குக் கிடைப்பது. கல் ஊன்றியவர் வரைபடப்படி ஊன்றினாரா என்பது வேறு விஷயம். வரிசையின் முதல் மனையில் ஏற்பட்ட ஓர் அடிப் பிழை கடைசி மனை வரை தள்ளிக்கொண்டே போகும். எங்கள் மனைக்கு நேர்ந்தது அதுதான்.

அங்கீகார எண்ணையும் வரைபடத்தையும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி ஆவணத்தோடு ஒப்பிட்டு, உங்கள் மனை எண் பூங்காவுக்கோ பொது இடத்துக்கோ ஒதுக்கப்பட்டதில்லை என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் அது மனையாகவே விற்றுப் பதிவாகியிருந்ததா, பின்னர் வரன்முறை செய்யப்பட்டதா என்பதை வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். இந்த இரண்டும் இல்லாத அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது.

"கட்டிய வீடு என்றால் இன்ஜினியரை எப்போது அழைத்துப் போவது?"

நில அளவை நடக்கும் அதே நாளில், உடன்படிக்கைக்கு முன். அனுமதி பெற்ற வரைபடத்தை அவர் கையில் கொடுங்கள். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் இருக்க, மேலே இரண்டு தளங்கள் நிற்கும் வீடுகள் குறைவில்லை. விரிசல், கம்பியில் துரு, மொட்டை மாடியின் நீர்க்காப்பு, கழிவுநீர்த் தொட்டி, கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றின் நீர் ஆகியவற்றை அவர் பார்க்கட்டும்.

சென்னை, செங்கல்பட்டு, கடலூர் போன்ற கரையோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஒருமுறை அந்தத் தெருவைப் போய்ப் பாருங்கள். கோடையில் வாங்குபவர்கள், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் மூன்று வீடுகளில் கேளுங்கள். சுவரில் வண்ணம் புதிதாக அடித்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

"அடுக்குமாடி வீட்டில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?"

அளப்பது குறைவு, படிப்பது அதிகம். பிரிக்கப்படாத பாகமாக உங்களுக்கு எவ்வளவு நிலம் வருகிறது, எல்லா வீடுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் உள்பரப்பை மட்டும் அளந்து, விளம்பரத்தில் சொன்ன பரப்போடு ஒப்பிடுங்கள். வாகனம் நிறுத்துமிடம் பத்திரத்தில் வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

கட்டப்படும் திட்டமென்றால் நேரக் கணக்கு மாறும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் 8-க்கு மேலோ உள்ள திட்டம், கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் சொல்கிறது. ஆகவே வழக்கறிஞர் பார்க்க வேண்டியது முன்பதிவுத் தொகைக்கும் அந்த 10 சதவீதத்துக்கும் இடைப்பட்ட நாட்களில். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டுநரே சரிசெய்ய வேண்டும்; அதனால் சாவி வாங்கும் நாளிலேயே ஒரு பொறியாளரோடு சென்று குறைகளை எழுதி ஒப்படையுங்கள்.

"உடன்படிக்கையைப் பதிவு செய்ய வேண்டுமா? எத்தனை மாதம் கெடு வைப்பது?"

பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையும் பதிவு செய்ய வேண்டிய ஆவணமே. பதிவானால் அது வில்லங்கச் சான்றில் தெரியும். அதே சொத்தை இன்னொருவருக்குக் காட்டுவது விற்பவருக்குக் கடினமாகும். ஆனால் உடன்படிக்கை சொத்தின் மேல் உங்களுக்கு உரிமை எதையும் உண்டாக்காது, கிரயம் செய்து தரும்படி கேட்கும் வழியை மட்டுமே தரும்.

கெடுவை வங்கிக்கு ஆகும் நாளிலிருந்து கணக்கிடுங்கள். மூன்று மாதம் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. அரசு அளவையோ, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய அதிகாரப் பத்திரமோ (பவர்) பாக்கி இருந்தால், அது முடிந்த நாளிலிருந்து கெடு தொடங்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விற்பவரின் தாமதம் உங்கள் தவறாகக் கணக்காகிவிடும்.

"கடனுக்கு எப்போது விண்ணப்பிப்பது? வீடு கிடைத்த பிறகா?"

வீடு தேடத் தொடங்கும்போதே, உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்னொப்புதல் வாங்கிவிடுங்கள். சொத்தின் சரிபார்ப்பு மட்டுமே பிறகு பாக்கி இருக்கும்.

கையிருப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையான கடனுக்குச் சொத்தின் மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதமே உச்சவரம்பு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 48 லட்சம்தான் கடனாக வரும். மனைக்கும் தனிவீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு அது 5,40,000 ரூபாய், அதை வங்கி பொதுவாகச் சொத்தின் மதிப்பில் சேர்க்காது. ஆக, 12 லட்சம் போதும் என்று நினைத்தவருக்கு 17,40,000 ரூபாய் வேண்டியிருக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவரும் நீங்களே. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் விகிதமும் முறையும் வேறு என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரைக் கேளுங்கள்.

"அப்பா இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் விற்கிறார்கள். ஓர் அக்கா வெளிநாட்டில் இருக்கிறாராம். அவர் கையெழுத்து அவசியமா?"

அவசியம். இந்து ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமின்றி, உயிரோடிருந்தால் அவருடைய தாயும் வாரிசாகிறார். பாட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு வழங்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் 2020-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகளின் உரிமை பிறப்பாலேயே வருவது என்பதை உறுதியாக்கின. "அவளுக்குக் கல்யாணத்தின்போதே எல்லாம் செய்துவிட்டோம்" என்ற பேச்சு பத்திரத்தில் நிற்காது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ கிரயப் பத்திரத்தில் கையெழுத்தோ வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் மைனர் என்றால், அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவையா என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மாதங்கள் ஆகும் என்பதால், வாரிசுச் சொத்தில் உடன்படிக்கையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

"வழக்கு ஏதேனும் நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முழு உறுதி கிடைக்காது. நிலுவையில் உள்ள வழக்கு வில்லங்கச் சான்றில் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். விற்பவர், அவருக்கு முந்தைய உரிமையாளர் ஆகியோரின் பெயர்களை நீதிமன்றங்களின் இணையதளத்தில் தேடுங்கள். வழக்கறிஞர் வழியாக நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபத்துக்குப் பதினைந்து நாள் விடுங்கள். அந்த நாட்களை உடன்படிக்கைக்கும் கடன் ஒப்புதலுக்கும் நடுவில் வைத்தால் காலம் வீணாகாது.

"முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் அளந்தேன், அளவு குறைகிறது. என்ன செய்வது?"

பதற்றத்தில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அளவரின் வரைபடத்தை இணைத்து, வழக்கறிஞர் வழியாக விற்பவருக்குக் கடிதம் அனுப்புங்கள். குறைந்த அளவுக்கு விலையைக் குறைப்பது, அரசு அளவைக்கு விண்ணப்பித்து எல்லையைச் சரிசெய்வது, உடன்படிக்கையை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறுவது என்று மூன்று வழிகள் உண்டு. ரத்து செய்தால் அந்த ரத்தும் பதிவாக வேண்டும்.

உடன்படிக்கையின் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடாதீர்கள். வாங்கும் விருப்பம் தொடர்கிறது, பணம் தயார், குறையைத் தீர்த்தால் கிரயம் செய்துகொள்கிறேன் என்பதைக் கெடுவுக்குள்ளேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்கு என்று வந்தால், வாங்குபவர் எப்போதும் தயாராக இருந்தாரா என்பதே முதலில் கேட்கப்படும்.

"பதிவு நாளன்று என்னென்ன பார்க்க வேண்டும்?"

முந்தைய நாள் இரவு வில்லங்கச் சான்றை இன்னொருமுறை பாருங்கள். கிரயப் பத்திரத்தின் வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, சொத்து விவரத்தை அளவரின் வரைபடத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மனையின் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் அந்த வரைபடத்தையே பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அசல் பத்திரங்கள் எல்லாம் மேசைக்கு வந்த பிறகே வங்கிக் காசோலை கை மாற வேண்டும். அதிகாரப் பத்திரத்தின் மேல் ஒருவர் கையெழுத்திடுகிறார் என்றால், அதைக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றைப் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது.

"பதிவு முடிந்துவிட்டது. இனி வேலை இல்லைதானே?"

பட்டா இருக்கிறது. முழுப் புல எண்ணையோ ஏற்கெனவே உள்ள உட்பிரிவையோ வாங்கியிருந்தால், பதிவோடு சேர்ந்தே பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம் வருவாய்த் துறைக்குப் போய்விடும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய அளவர் வருவார். அன்று அளவரின் வரைபடம், பத்திர நகல் இரண்டையும் வைத்துக்கொண்டு நீங்கள் நிலத்தில் இருக்க வேண்டும். நான்கு மூலைக் கற்களையும் அன்றே ஊன்றி, தேதியோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வரி ஆகியவற்றில் பெயரை மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் பெயர் வரும் வில்லங்கச் சான்றையும் புதிய பட்டாவையும் எடுத்து, இரண்டிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அசல் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.